பல்லாவரம் சந்தையா, உழவர் சந்தையா?

சென்னையின் தென்புறநகரில் இருப்பவர்களுக்கு இரண்டும் கைக்கெட்டும் தூரம்தான். காய்கறி மட்டும் போதுமென்றால் நங்கநல்லூர் உழவர் சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். 1999இல் மதுரையில் தொடங்கிய திட்டம் இது. அடையாள அட்டை உள்ள விவசாயிகள் நேரடியாக விற்கிறார்கள், இடைத்தரகர் கிடையாது. அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிவிடுவதால் பேரம் பேசத் தேவையில்லை. வெயில் ஏறிவிட்டால் நல்ல கீரைக்கட்டு மிஞ்சாது.

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தை வேறு உலகம். காய்கறி அங்கும் உண்டு, ஆனால் அதற்காக யார் போகிறார்கள்? பழைய கிராமபோன், ஓடாத கடிகாரம், ஒற்றைக்கால் நாற்காலி, பூச்செடி, கம்ப்யூட்டர் உதிரிபாகம் என்று தரையெல்லாம் பரப்பியிருப்பார்கள். சொல்லும் விலையில் பாதியிலிருந்து பேச்சைத் தொடங்கலாம். மின்சாதனம் என்றால் அங்கேயே ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். அடுத்த வாரம் அதே ஆள் அதே இடத்தில் இருப்பாரென்று சொல்ல முடியாது. நெரிசலில் கைக்குழந்தையோடு போவது பாடு.

வாராந்தரச் சமையலுக்கு என் ஓட்டு உழவர் சந்தைக்கே. செடி வாங்க மட்டும் பல்லாவரம்.