காசோலை, கடற்கரை, கணக்கீடு: எந்தச் சமூகப் பணி ஊழியரைத் தொடுகிறது?

இந்தியாவில் 2013 கம்பனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவைத் தாண்டிய கம்பனிகள் முந்திய 3 ஆண்டுச் சராசரி இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். இலங்கையில் அப்படியொரு சட்டம் இல்லை. அதனால் கொழும்பில் ஒரு கம்பனி நல்லது செய்தால், 'ஏன் செய்கிறார்கள்?' என்றுதான் ஊழியர் முதலில் யோசிப்பார். விளம்பரத்துக்கு என்று தோன்றினால் வேலையில் ஈடுபாடு வளராது, எரிச்சல்தான் வளரும்.

காசோலை கொடுப்பது சுலபம். பயனும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பணிப்பாளர் காசோலை நீட்டும் படத்தை ஊழியர் மின்னஞ்சலில் பார்ப்பார், மூடிவிடுவார்.

கடற்கரைச் சுத்திகரிப்பு வேறு ரகம். 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து, பிளாஸ்டிக் மணிகள் மேற்குக் கரையில் குவிந்தபோது, மணலைச் சலிக்க உண்மையாகவே ஆள் தேவைப்பட்டது. வழக்கமாக நடப்பதோ இதுதான்: ஞாயிறு காலை, வெள்ளவத்தை, கம்பனி பெயர் போட்ட ரீசேர்ட், பதாகையோடு படம், பிறகுதான் கையுறை தேடுவார்கள். 'விரும்பியவர்கள் வரலாம்' என்பார்கள், வரவையும் குறித்துக்கொள்வார்கள்!

மூன்றாவது, தெரிந்த தொழிலைக் கொடுப்பது. கணக்குப் பிரிவில் இருப்பவர் வேலை நாளில் அரை நாள் கொட்டாஞ்சேனைக்குப் போய், உயர்தர மாணவருக்குக் கணக்கீடு சொல்லிக்கொடுக்கிறார் என்று வையுங்கள். ஐந்தொகை (சொத்தையும் பொறுப்பையும் காட்டும் கூற்று) சமப்படாமல் முழிக்கும் பிள்ளைக்கு, விடுபட்ட தேய்மானத்தைக் காட்டிக்கொடுப்பவர் அவர். தினமும் அலுத்துக்கொண்டு செய்யும் வேலைக்கு அங்கே ஒரு மதிப்பு கிடைக்கிறது. ஊழியர் ஈடுபாட்டைப் பற்றி 1990இல் எழுதிய வில்லியம் கான் சொன்ன மூன்று நிபந்தனைகள்: வேலையில் அர்த்தம், பயமின்மை, கைவசம் தெம்பு. கணக்கீட்டு வகுப்பு முதலாவதைத் தருகிறது. ஞாயிற்றுக்கிழமைச் சுத்திகரிப்பு மூன்றாவதைத் தின்றுவிடுகிறது.

சரி, கம்பனிக்குள்ளேயே, சொந்த ஊழியருக்குச் செய்வது? ஆடை தயாரிக்கும் எம்ஏஎஸ் ஹோல்டிங்ஸ் 2003இல் தன் பெண் தொழிலாளருக்காகவே ஒரு மேம்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. இது மூன்றுக்கும் அடித்தளம். கூட்டித் துடைக்கும் ஒப்பந்த ஊழியருக்கு ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி கட்டவேண்டிய, சம்பளத்தின் 12 சதவீதம் ஒழுங்காகக் கட்டப்படாத கட்டடத்தில், கடற்கரையைக் கூட்டி என்ன?

என் தெரிவு, அடித்தளம் சரியாக இருந்தால், கணக்கீடுதான். இடைஞ்சல் ஒன்று: முகாமையாளர் ஆளை விடமாட்டார். மாத முடிவில் கேட்கவே வேண்டாம், இரண்டாம் வாரத்தில் கேளுங்கள்.