லித்தியத்தை நிறுத்தச் சொன்ன 'டாக்டர்'

என் தம்பிக்கு 26 வயதில் பைபோலார், அதாவது இருமுனை மனநோய் என்று கண்டுபிடித்தார்கள். சில மாதம் படுக்கையை விட்டு எழ மாட்டான். அப்புறம் தூக்கமே இல்லாமல் பேசிக்கொண்டே இருப்பான், கையில் இருப்பதையெல்லாம் செலவழித்துவிடுவான். மனநல மருத்துவர் மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒன்றரை வருடம் ஒழுங்காக வேலைக்குப் போனான்.

ஆனால் கை நடுங்கியது. ஓயாத தாகம், எடையும் கூடியது. டீ கிளாஸைப் பிடித்தால் எல்லோரும் தன் கையையே பார்க்கிறார்கள் என்று குறுகிப்போவான். மருத்துவரிடம் சொன்னோம். வெளியே அத்தனை பேர் காத்திருக்க, "அப்படித்தான் இருக்கும், மாத்திரையை விட்டுடாதீங்க" என்பதோடு முடிந்தது.

அந்த மனநிலையில்தான் இன்னொருவரிடம் போனோம். பெயருக்கு முன்னால் 'டாக்டர்', போர்டில் 'மனநல ஆலோசனை மையம்'. முதல் நாளே தம்பியிடம் ஒன்றரை மணி நேரம் பேசினார். அம்மா அழுதேவிட்டார், என் பிள்ளை சொல்வதைக் கேட்க ஒருவர் கிடைத்தாரே என்று. "ஆயுசுக்கும் மாத்திரையா? இது நோயே இல்லைம்மா, அடக்கி வெச்ச கோபம். 45 நாள்ல சரியாக்கறேன்" என்றார். 48,000 ரூபாய் முன்பணம். ரசீது கேட்டால் கடைசியில் தருகிறேன் என்றார். லித்தியத்தை அன்றே நிறுத்தச் சொல்லி, லேபிள் இல்லாத டப்பாவில் ஒரு பொடி கொடுத்தார்.

பத்து நாளில் நடுக்கம் நின்றது. அவரைக் கையெடுத்துக் கும்பிட்டோம். லித்தியம் உடம்பை விட்டுப் போனதால் நடுக்கம் போனது, நோய் திரும்ப இன்னும் சில நாள் இருந்தது, அவ்வளவுதான். இது அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

மூன்றாவது வாரம் தம்பி தூங்கவில்லை. ஆப்பில் 1,80,000 ரூபாய் கடன் வாங்கியிருந்தான். அந்த 'டாக்டருக்கு'ப் போன் செய்தால், "உள்ளே இருந்த நஞ்சு வெளியே வருது, நல்ல அறிகுறி" என்றார். தனக்குத் தெரிந்த ஓர் இடத்தில் அடைத்துவைத்துப் பார்க்கலாம், தனியாக ஒரு லட்சம் ஆகும் என்றார். 2001-இல் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியோடு 28 மனநோயாளிகள் தீயில் கருகியது ஞாபகம் வந்து மறுத்துவிட்டேன். அதன்பின் அவர் போனை எடுக்கவே இல்லை.

அன்று இரவு இரண்டு மணிக்கு 14416-ஐ அழைத்தேன். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள். 19 நாள் உள்நோயாளியாக இருந்தான்.

அங்கிருந்த மருத்துவர்தான் உட்கார்ந்து விளக்கினார். லித்தியத்தைச் சட்டென்று நிறுத்தினால் மன எழுச்சி, அதாவது தூக்கமில்லாமல் பேசிச் செலவழிக்கும் அந்த நிலை, வேகமாகத் திரும்பும். நிறுத்தியே ஆக வேண்டுமென்றாலும் படிப்படியாகத்தான் குறைப்பார்களாம். நடுக்கத்துக்கு வழி இருக்கிறது: கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தத்தில் லித்தியம் அளவு பார்க்க வேண்டும், சிறுநீரகமும் தைராய்டும் பார்க்க வேண்டும், அதற்கேற்ப அளவை மாற்றலாம்.

அந்த ஆளின் பெயரை அப்புறம்தான் தேடினேன். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் இல்லை. இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவேட்டிலும் இல்லை. மருந்து எழுதும் மனநல மருத்துவர் எம்பிபிஎஸ் முடித்து மனநலத்தில் எம்டி, டிஎன்பி அல்லது டிபிஎம் படித்திருப்பார். மருந்துச் சீட்டில் பதிவு எண் இருக்க வேண்டும். மருத்துவ உளவியலாளருக்கு மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு உண்டு. அவர் பேசிச் சிகிச்சை தருவார், லித்தியத்தை நிறுத்தச் சொல்ல மாட்டார். இரண்டு பதிவேட்டையும் இணையத்திலேயே பார்க்கலாம். பணம் கட்டும் முன் பாருங்கள். கவுன்சலிங் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தம்பி இப்போதும் ஓர் உளவியலாளரிடம் போகிறான், மாத்திரையோடு சேர்த்து.

காவல் நிலையத்திலும் ஆட்சியரின் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுத்திருக்கிறேன். ரசீது இல்லாததால் ஜிபே ஸ்கிரீன்ஷாட்தான் ஆதாரம். போர்டு இன்னும் அங்கேயே தொங்குகிறது. தம்பிக்கு அளவை மாற்றியபின் நடுக்கம் பாதியாகக் குறைந்திருக்கிறது. கடன் தவணை மாதம் 9,000 ரூபாய், இன்னும் ஒரு வருடம் பாக்கி.