திரையில் தோன்றும் அந்த எண்ணை அழைக்காதீர்கள்

சிறு பிள்ளைகளோடு ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்ளும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். கடந்த மாதம், 'தொழில்நுட்ப உதவி' என்ற பெயரில் பேசிய ஒருவரிடம் ஏறக்குறைய அரை மாதச் சம்பளத்தைப் பறிகொடுத்தேன். சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் ஒரே கணினி, அதில் ஒரே பயனர் கணக்கு. அதுவும் எல்லா உரிமைகளும் கொண்ட நிர்வாகிக் கணக்கு. என் அலுவலகக் கோப்புகள், உலாவியில் சேமித்து வைத்த கடவுச்சொற்கள், இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் வரைந்த படங்கள், நான்கு வயது மகனின் பாட்டுக் காணொளிகள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. வண்ணம் தீட்டும் விளையாட்டு ஒன்றைத் தேடி மகள் போன தளத்தில், 'நீங்கள் ரோபோ இல்லை என்பதை உறுதிசெய்ய, அனுமதி என்பதை அழுத்துங்கள்' என்று ஒரு பெட்டி வந்திருக்கிறது, அவளும் அழுத்திவிட்டாள். உண்மையில் அது, நம் திரைக்கு அறிவிப்புகள் அனுப்ப அந்தத் தளம் கேட்ட அனுமதி. அன்றிலிருந்து திரையின் வலது கீழ் மூலையில் 'உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்' என்ற சிறு பெட்டிகள் எட்டிப் பார்க்கத் தொடங்கின. விண்டோஸே அனுப்பும் எச்சரிக்கை போல அவை இருந்தன. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நான் நாள்களைக் கடத்தினேன்.

ஒரு மாலை மகன் அவற்றில் ஒன்றைச் சொடுக்கிவிட்டான். திரை முழுவதும் நீலமாகி, அபாயச் சங்கு அலற, 'கணினி முடக்கப்பட்டது, அணைத்தால் தரவுகள் அழியும், உடனே அழையுங்கள்' என்ற வாசகமும் ஒரு தொலைபேசி எண்ணும் தோன்றின. அவன் காதுகளைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தான். சத்தத்தை எப்படி நிறுத்துவதென்று தெரியாமல் நான் அந்த எண்ணை அழைத்தேன். முழுத்திரையாக விரிக்கப்பட்ட வெறும் இணையப் பக்கம்தான் அது. எஸ்கேப் விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்து உலாவியை மூடியிருந்தாலோ, வேறு வழி தெரியாவிட்டால் கணினியையே அணைத்திருந்தாலோ கதை அங்கேயே முடிந்திருக்கும். தன் பிழைச் செய்திகளிலும் எச்சரிக்கைகளிலும் தொலைபேசி எண் ஒருபோதும் இருக்காது என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே அறிவித்திருப்பதை, பணம் போன பிறகுதான் படித்தேன்.

பேசியவர் மிகப் பணிவானவர். "வீட்டில் குழந்தைகள் இந்தக் கணினியைப் பயன்படுத்துகிறார்களா சார்?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. ஆம் என்றேன். அதற்குப் பிறகு அவர் சொன்ன ஒவ்வொன்றும் அந்த ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டுதான் நகர்ந்தது. தொலைவிலிருந்து கணினியை இயக்கும் மென்பொருள் ஒன்றை நிறுவச் சொன்னார், நிறுவினேன். கணினியில் நடப்பவற்றை விண்டோஸ் குறித்து வைக்கும் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்து, சிவப்பும் மஞ்சளுமாக வரிசை கட்டி நின்ற குறிகளைக் காட்டி, எல்லாம் ஊடுருவலின் தடயங்கள் என்றார். ஒழுங்காக ஓடும் கணினியிலும் அத்தகைய பதிவுகள் குவிந்து கிடக்கும் என்பது எனக்குத் தெரியாது. பிறகு ஒரு கறுப்புச் சாளரத்தில் வரிகள் மளமளவென்று ஓடின. கடைசி வரியில் 'ட்ரோஜன் கண்டறியப்பட்டது' என்று வந்து நின்றது. அந்த ஓட்டத்தில் 'யானை', 'மயில்' என்று மகள் பெயர் வைத்திருந்த கோப்புறைகளும் கடந்து போனதைக் கண்டு, அவளுடைய படங்களுக்குள்ளும் வைரஸ் புகுந்துவிட்டது என்றே நம்பினேன். ட்ரீ என்ற கட்டளையைக் கொடுத்தால் எந்தக் கணினியும் தன் கோப்புறைகளின் பெயர்களை அப்படித்தான் பட்டியலிடும். கடைசி வரி அவர் தட்டச்சு செய்தது.

பிள்ளைகள் தவறான தளங்களுக்குப் போயிருக்கிறார்கள், அவர்களுடைய புகைப்படங்கள் வெளியாருக்குப் போய்க்கொண்டிருக்கின்றன என்று அவர் சொன்னபோது, நான் திரும்பி மகளைத் திட்டினேன். திட்டிக்கொண்டே அட்டை எண்ணையும், கைபேசிக்கு வந்த ஒருமுறைக் கடவுச்சொல்லையும் அவரிடம் வாசித்துக் காட்டினேன். பணத்தைவிட இதுதான் இன்னும் உறுத்துகிறது. நானே கடவுச்சொல் தந்து ஒப்புதல் அளித்த பரிவர்த்தனை என்பதால் பணத்தைத் திருப்பித் தர இயலாது என்று வங்கி எழுதிவிட்டது.

இந்த வித்தையைச் செய்பவர்கள் எல்லோரும் முகவரியற்ற ஆள்கள் என்றும் எண்ண வேண்டாம். போலி வைரஸ் எச்சரிக்கைகளைக் காட்டிப் பழுதுநீக்கும் சேவையை விற்றதாக அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டிய, முறையாகப் பதிவுபெற்ற இரண்டு நிறுவனங்கள், 2024 மார்ச்சில் 2.6 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டன.

இணையத்தைத் துண்டித்து, விண்டோஸை முதலிலிருந்து நிறுவி, எல்லாக் கடவுச்சொற்களையும் வேறொரு கருவியிலிருந்து மாற்றினேன். இப்போது பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு சாதாரணக் கணக்கு இருக்கிறது. நிர்வாகிக் கணக்கில் ஒரு மென்பொருளை நிறுவும்போது விண்டோஸ் வழக்கமாக 'ஆம், இல்லை' என்று மட்டுமே கேட்கும்; நான்கு வயதுக் குழந்தையும் 'ஆம்' என்பதை அழுத்திவிடலாம். சாதாரணக் கணக்கிலோ நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். அறிவிப்பு அனுமதி என்பது உலாவியைச் சேர்ந்த விஷயம்; சாதாரணக் கணக்கு அதைத் தடுக்காது. பிள்ளைகளின் உலாவி அமைப்புகளில், எந்தத் தளமும் அறிவிப்புக்கு அனுமதி கேட்கவே கூடாது என்று தனியாக மாற்றி வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் எல்லாம் தொடங்கியது அந்த ஒரு பெட்டியில்தான்.

இரண்டு வாரம் கழித்து இன்னொருவர் அழைத்தார். முன்பு சேவை அளித்த நிறுவனம் மூடப்படுவதாகவும், என் பணத்தைத் திருப்பித் தரப்போவதாகவும், அதற்குக் கணினியைத் திறந்து அதே மென்பொருளை மறுபடி நிறுவ வேண்டும் என்றும் சொன்னார். ஒருமுறை ஏமாந்தவர்களின் எண்ணை இரண்டாம் சுற்றுக்கும் பயன்படுத்துவார்கள் என்பதை அதற்குள் தெரிந்துகொண்டிருந்தேன். கணினியில் மகள் படம் வரைந்துகொண்டிருக்கிறாள், இப்போது தர முடியாது என்று சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டேன்.