இரத்தம் சூடாக்கும் கருவிகள்: வாங்குமுன் பின்பக்கத் தகட்டைப் பாருங்கள்

கொழும்பில் முகவர்கள் கொண்டுவந்து மேசையில் வைக்கும் இரத்தம் சூடாக்கும் கருவிகள் எல்லாவற்றின் விளம்பரத் தாளிலும் முதலில் கண்ணில் படுவது ஓர் எண்: நிமிடத்துக்கு இத்தனை மில்லிலீற்றர். அந்த எண்ணை நம்புமுன் கருவியைத் திருப்பி, பின்பக்கத் தகட்டில் எத்தனை வாட் என்று பாருங்கள். குளிரூட்டியிலிருந்து வரும் செங்குருதிக் கலப் பை 4 பாகை செல்சியஸில் இருக்கும். அதை 37 பாகைக்கு ஏற்ற, ஒரு மில்லிலீற்றருக்கு ஏறக்குறைய 130 யூல் வெப்பம் வேண்டும். 250 வாட் கருவி முழுமூச்சாக உழைத்தாலும் நிமிடத்துக்கு 110, 120 மில்லிலீற்றருக்கு மேல் சூடாக்காது. ஆனால் தாளில் 200 என்று போட்டிருப்பார்கள். பொய்யில்லை, 20 பாகையில் இருந்த சேலைனை ஓடவிட்டு அளந்திருப்பார்கள். இரத்தத்தை விட்டால் பாதிதான். ஆகவே முகவரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி, "உள்ளே போகும் திரவம் எத்தனை பாகையில் இருந்தபோது அளந்தீர்கள்?" என்பதே. பதில் வர நேரமெடுத்தால் புரிந்துகொள்ளுங்கள்.

70 கிலோ எடையுள்ளவருக்குக் குளிர்ந்த பை ஒன்று ஏறினால் உடல் வெப்பநிலை ஏறத்தாழ கால் பாகை இறங்கும். ஒரு பைக்கு அது பெரிதில்லை. விபத்தில் வயிறு கிழிந்து, சத்திரசிகிச்சைத் தியேட்டர் ஏசியின் கீழ் திறந்து கிடக்கும் ஒருவருக்கு எட்டுப் பை ஏற்றினால் இரண்டு பாகை போய்விடும். 35க்குக் கீழே போகப் போக இரத்தம் உறைவது தளரும், அமிலத்தன்மை ஏறும், பிறகு ஏற்றுவதெல்லாம் ஓட்டைப் பானையில் ஊற்றுவதுதான்.

இங்கே மூன்று வகைக் கருவிகளைப் பார்ப்போம். முதலாவது உலர் தட்டு வகை, ரேஞ்சர் போன்றவை. மெல்லிய பிளாஸ்ரிக் கசற்றை இரண்டு சூடான தட்டுகளுக்கிடையே செருகுவது. தட்டு 41 பாகையில் நிற்கும். தண்ணீர் இல்லை, கழுவல் இல்லை, இரண்டொரு நிமிடத்தில் தயார். சாதாரண சத்திரசிகிச்சைப் பட்டியலுக்கு இதுவே போதும். குறை, கருவிக்கும் நோயாளிக்கும் இடையிலுள்ள ரியூப்தான். வேகமாக ஓடினால் அந்த ஒரு மீற்றரில் பெரிதாகக் குளிராது. மணிக்கு 100 மில்லிலீற்றர் என்று மெதுவாக விட்டால் கையை அடையும்போது ஏற்றிய சூடெல்லாம் போயிருக்கும். திரையில் 41 என்று பச்சையாக எரிந்துகொண்டேயிருக்கும். அது தட்டின் சூடு, இரத்தத்தினதல்ல. கருவியை நோயாளியின் தோளுக்குப் பக்கத்திலேயே கட்டுங்கள், நீட்டிப்பு ரியூப்பைக் குட்டையாக வையுங்கள், மிச்சத்தைப் போர்வைக்குக் கீழே விடுங்கள். கசற்றைச் செருகும்போது இறுகினால் அழுத்தித் தள்ளவேண்டாம். ஓரம் மடிந்தால் ஓட்டம் பாதியாகும், கருவி எச்சரிக்காது. இரத்தம் படும் தட்டு அலுமினியமாயிருக்கும் மாதிரி என்றால் அதற்குப் பூச்சு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். பூச்சில்லாத அலுமினியம் திரவத்தில் கரையும்.

நீர்ச்சுற்று வகை, ஹொட்லைன் போன்றவை. இரத்தம் ஓடும் ரியூப்பைச் சுற்றியே சூடான தண்ணீர் ஓடும், அதுவும் நோயாளியின் கை வரைக்கும். மெதுவாக ஏற்றும் இடத்தில் இதை அடிக்க ஆளில்லை. குழந்தைகளுக்கு ஏற்றும் தியேட்டரில் எங்கள் ஓட்டு இதற்கே. ஆனால் தொட்டிக்குள் தண்ணீர் இருக்கிறது. காய்ச்சி வடித்த நீரையே ஊற்றவேண்டும், தயாரிப்பாளர் சொன்ன நாளில் மாற்றவேண்டும், மாற்றிய திகதியை எழுதி ஒட்டவேண்டும். கொழும்புப் புழுக்கத்தில் மறந்துவிட்ட தொட்டியில் வழுவழுப்புப் படியும். உட்சுவரில் கசிவிருந்தால் அந்தத் தண்ணீர் போவது இரத்தத்துக்குள். ரியூப்பைப் பொருத்தியதும், நோயாளிக்கு இணைக்குமுன், தண்ணீரைச் சுற்றவிட்டு உள்ரியூப்பில் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள்.

வேகச் செலுத்தி, பெல்மொன்ற் போன்றவை. தூண்டல் வெப்பத்தால் சூடாக்கி, பம்பாலேயே தள்ளும். நிமிடத்துக்குப் பல நூறு மில்லிலீற்றர் போகும், காற்றைக் கண்டால் தானே நிற்கும். பெரிய விபத்துப் பிரிவுக்கு இது ஆடம்பரமல்ல. வாரத்தில் இரண்டு அறுவை நடக்கும் தனியார் வைத்தியசாலைக்குத் தேவையில்லை. பாவிக்கத் தெரிந்த தாதி அன்று விடுமுறையென்றால் அலங்காரப் பொருள்தான்.

எந்தக் கருவியை வாங்கினாலும் கானுலா (நாளத்தில் குத்தி வைக்கும் குழாய்) சிறிதென்றால் பணம் வீண். இளஞ்சிவப்பு 20ஐப் (கேஜ் எண், எண் கூடினால் துளை சிறிது) போட்டுவிட்டு நிமிடத்துக்கு 500 மில்லிலீற்றர் ஓட்டத்தை எதிர்பார்க்கும் கூத்தை இன்னும் காணலாம். சாம்பல் 16 அல்லது செம்மஞ்சள் 14, இரண்டு கையிலும் ஒவ்வொன்று. நீளமான மத்திய நாள ரியூப் அகலம் போலத் தெரிந்தாலும் நீளமே அதன் எதிரி. இரத்தப் பையைச் சுற்றி இறுக்கிப் பிழியும் அழுத்தப் பை 300 மில்லிமீற்றர் பாதரசத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் இரத்தப் பை பிளக்கலாம், கலங்களும் உடையலாம்.

கருவியோடு வரும் கையேட்டில் சிற்றெழுத்தில் கிடப்பது இது: சூடேறும்போது இரத்தத்திலும் சேலைனிலும் கரைந்திருந்த வாயு குமிழாக வெளிவரும். குமிழ்ப்பொறியை அடிக்கடி தட்டிப் பாருங்கள். பாதி முடிந்த சேலைன் பையை அழுத்தப் பைக்குள் போடுமுன் உள்ளே நிற்கும் காற்றை வெளியேற்றுங்கள், இல்லாவிட்டால் பை காலியானதும் அந்தக் காற்று அழுத்தத்தோடு நாளத்துக்குள் போகும். ரியூப்பை நிரப்ப 0.9 சதவீதச் சேலைன் மட்டும். ஹார்ட்மன் கரைசலிலுள்ள கல்சியம், இரத்தம் உறையாதிருக்கப் பையில் சேர்த்துள்ள சிற்றேற்றோடு சேர்ந்து ரியூப்பிலேயே உறைய வைக்கும். டெக்ஸ்றோஸ் (சீனிக் கரைசல்) செங்கலங்களைத் திரளச்செய்து உடைக்கும். 170 முதல் 200 மைக்குறோன் வடிகட்டியுள்ள இரத்தச் செற் (பையிலிருந்து இறங்கும் ரியூப் தொகுதி) தனியாக வேண்டும், கருவியின் கசற் அந்த வேலையைச் செய்யாது. குருதிச் சிறுதட்டுப் பை 20 முதல் 24 பாகையில் வருவது. அதை இந்தக் கருவிக்குள் விடவேண்டிய தேவையே இல்லை, செங்கலம் ஓடிய செற்றிலும் விடவேண்டாம். பெரும் குருதியேற்றத்தில் கல்சியம் குளுக்கோனேற் 10 சதவீதம் 10 மில்லிலீற்றர் கொடுப்பதென்றால் வேறு கானுலாவில்.

கருவி இல்லாத இடத்தில் பையை வெந்நீர்ச் சட்டியில் முக்குவது, மைக்குறோவேவில் வைப்பது இரண்டும் வேண்டாம். 42 பாகைக்கு மேலே கலம் உடையலாம், மைக்குறோவேவில் ஓர் இடம் கொதிக்க மற்ற இடம் குளிர்ந்தே கிடக்கும். குளிரூட்டியிலிருந்து எடுத்த பை நான்கு மணித்தியாலத்துக்குள் முடிய வேண்டும். அவசரமில்லாமல் ஏற்றும் ஒரே ஒரு பைக்கு, வயதுவந்தவர் என்றால், கருவியே தேவையில்லை.

விலை விடயத்தில் கருவியைவிட அதன் கசற்றைப் பற்றிப் பேரம் பேசுங்கள். கருவியை மலிவாகத் தந்துவிட்டு, வேறெவருடையதும் பொருந்தாத கசற்றில் காசைத் திருப்பி எடுப்பது பழைய வழி. 2022இல் டொலர் தட்டுப்பாட்டில் இறக்குமதிப் பொருட்களுக்கு நாடே அலைந்ததை நினைவில் வைத்து, குறைந்தது ஆறு மாதக் கையிருப்பை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கருவிக்கும் கசற்றுக்கும் தனித்தனியாகத் தேசிய ஔடத ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைப் பதிவுச் சான்று கேளுங்கள். பிளக்கையும் பாருங்கள்: பழைய தியேட்டர்களில் 15 அம்பியர் வட்டக்கால் சொக்கற்றே இருக்கும், புதுக்கருவி 13 அம்பியர் சதுரக்காலோடு வரும். அடப்ரரில் தொங்கும் 1,400 வாட் கருவி நடு அறுவையில் தளர்ந்து அணையலாம். சொக்கற்றை மாற்றித் தரும் செலவையும் முகவரின் கணக்கிலேயே போடச் சொல்லுங்கள்.