கேஸ் வைக்காத லேத் பட்டறை: பத்மினி கார்புரேட்டருக்குக் காது கட்டிய வேலை

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம், லாரிகள் நிற்கும் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் பெயர்ப்பலகை இல்லாத ஒரு லேத் பட்டறை. ஒரு லேத், ஒரு மில்லிங் மெஷின், ஒரு பெஞ்ச் டிரில், அவ்வளவுதான். பம்ப் ஷாஃப்ட், டிராக்டர் புஷ் என்று ஓடும் இடத்தில் பழைய கார்புரேட்டரைக் கொடுக்கலாமா? கொடுக்கலாம். ஆனால் கொடுப்பதற்கு முன்னும் வாங்கிய பின்னும் பார்க்க வேண்டியவை உண்டு.

போன சரக்கு பழைய பிரீமியர் பத்மினி காரின் சோலெக்ஸ் கார்புரேட்டர், அதாவது பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் சாமான். கழற்றிப் பூட்டும்போது மூடியின் ஸ்க்ரூ காது, அதாவது ஸ்க்ரூ நுழையும் ஓர நீட்டம், ஒன்று முறிந்திருந்தது. காற்றுப் பாதையைத் திறந்து மூடும் வட்டத் தகடான பட்டர்ஃப்ளையின் ஸ்க்ரூ ஒன்றின் தலை அறுந்திருந்தது. அந்தத் தகட்டைச் சுழற்றும் த்ராட்டில் ஷாஃப்ட்டில் ஆட்டம் வேறு.

காது ஏன் முறிகிறது என்று தெரியாமல் காதை மட்டும் சரி செய்தால் அடுத்த மாதம் பக்கத்துக் காது போகும். இந்த மூடி ஜிங்க் டைகாஸ்ட்டிங், அதாவது உருக்கிய துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்தது. பல வருடம் இறுக்கி இறுக்கி வில் மாதிரி வளைந்திருக்கும். வளைந்த மூடியைப் புது கேஸ்கெட் மேல் வைத்து ஒரு மூலையை முதலில் முழுசாக முறுக்கினால், காது அந்தரத்தில் நிற்கும். கடைசிச் சுற்றில் 'டக்'. கடற்கரை ஊரில் இன்னொரு தொல்லை: உப்புக் காற்றில் இரும்பு ஸ்க்ரூவைத் தொடும் ஜிங்க் அரிபட்டு, மரைக்குள் வெள்ளைப் பொடி பூத்து இறுகிவிடும். இதற்கு, சுத்தியால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவரை எடுக்கவே கூடாது. துருநீக்கி விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்து, ஹேர் டிரையர் சூடு காட்டி, முன்னும் பின்னும் கால் சுற்றாக அசைத்து எடுக்க வேண்டும்.

பட்டறையின் மேல் நம்பிக்கை வந்தது மேஸ்திரி சொன்ன முதல் வார்த்தையில். முறிந்த முகத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "இது ஜிங்க்கு சார், கேஸ் வச்சா கூழாயிடும்" என்றார். கேஸ் என்றால் கேஸ் வெல்டிங். உண்மைதான். இந்தக் கலவை ஏறத்தாழ 385 டிகிரியிலேயே உருகும். இரும்பு போலச் சிவந்து எச்சரிக்காது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சரிந்துவிடும். அலுமினியம் என்று நினைத்துப் பற்றவைக்கப் போய் முழு மூடியையும் தொலைத்தவர்கள் ஊரில் நிறைய. எபாக்ஸி பசை மட்டும் போட்டு ஒட்டுவதும் பாதி வேலைதான். ஸ்க்ரூவின் இழுப்பு நேராக ஒட்டின இடத்தின் மேல்தான் விழும்.

இங்கே செய்தது பித்தளைப் பட்டி. உடைந்த துண்டை எபாக்ஸியால் இடத்தில் நிறுத்தி 24 மணி நேரம் விட்டார்கள். பிறகு காதின் மேல்முகத்தை, மூடிப் பக்கமும் கொஞ்சம் சேர்த்து, 1.5 எம்எம் மில்லிங்கில் இறக்கினார்கள். அதே கனத்துப் பித்தளைத் தகட்டைப் பள்ளத்தில் பதித்து, மூடிப் பக்கம் 2.5 எம்எம் துளை, 3 எம்எம் டேப்பால் மரை, தலை மூழ்கும் ஸ்க்ரூ இரண்டு. காதுப் பக்கம் மூடியின் சொந்த ஸ்க்ரூவே தகட்டைக் கவ்விக்கொள்ளும். இழுப்பைத் தகடு வாங்கிக்கொள்ளும். எபாக்ஸிக்கு வேலை இடம் பிடிப்பது மட்டும். அந்த இடம் பெட்ரோல் மட்டத்துக்கு மேலே இருப்பதும் சாதகம். எப்போதும் பெட்ரோலில் மூழ்கும் இடத்துக்கு, அதுவும் 20 சதவீத எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்கு, சாதாரண எபாக்ஸியை நம்ப வேண்டாம். துளை போடுமுன் பெட்ரோலும் காற்றும் போகும் உள்பாதை எங்கே ஓடுகிறது என்று கம்பி விட்டுப் பார்த்தார்கள். அதற்குத் தனியாக ஒரு சபாஷ்.

அறுந்த ஸ்க்ரூ சின்ன வேலை. இந்த ஸ்க்ரூக்களின் வால் கழலாமலிருக்க விரித்து அடித்திருப்பார்கள். அதை அரத்தால் தேய்க்காமல் திருகுவதால்தான் தலை அறுகிறது. சென்டர் பஞ்ச் வைத்து, இடதுசுற்று டிரில்லால் எடுத்துவிட்டார்கள்.

ஷாஃப்ட்டுக்குப் புஷ், அதாவது ஷாஃப்ட் சுழலும் உலோக வளையம், போட்ட வேலை சுத்தம். ஷாஃப்ட் 8 எம்எம் என்றால் வெளிவிட்டம் 10 எம்எம் வெண்கல புஷ், உள்ளே ரீமரால் அளவுக்கு நேர்த்தி. முன்பு ஷாஃப்ட் மேலும் கீழும் ஆடியது. இப்போது விரலால் சுற்றினால் வழுக்கிக்கொண்டு போகிறது. ஆட்டம் இருந்தால் அந்த வழியாகக் காற்று புகுந்து, எத்தனை முறை ட்யூனிங் செய்தாலும் ஐட்லிங், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம், சீராக இருக்காது.

குறை இரண்டு. பட்டர்ஃப்ளையைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். அதன் விளிம்பு சாய்வாக வெட்டப்பட்டது. திருப்பினால் முழுசாக மூடாது. கழற்றும் முன் மேல்முகத்தில் ஒரு கீறல் போட்டுக் கொடுங்கள். அதைவிட, அதைப் பூட்டுவதை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்: ஸ்க்ரூவை லேசாக விட்டு, தகட்டை மூடி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துச் சுற்றிலும் ஒரே மாதிரி கோடு தெரிகிறதா என்று பார்த்து, அப்புறம் இறுக்கி, மரைப் பசை ஒரு சொட்டு.

இரண்டாவது குறை பெரிது. கேட்காமலே பாடியைக் கண்ணாடி மணி பிளாஸ்டிங்கில், அதாவது பொடிக் கண்ணாடி மணிகளைக் காற்றழுத்தத்தில் அடித்துச் சுத்தம் செய்வதில், போட்டுவிட்டார்கள். பார்க்கப் பளபள. ஐட்லிங் பாதைக்குள் மணி தங்கினால் வண்டி இரண்டு நாள் ஓடி நிற்கும். பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள ஜெட், ஸ்க்ரூ எல்லாம் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கார்ப் கிளீனர் அடித்து, மறுமுனையில் கோடாகப் பீறிட்டு வருகிறதா என்று பாருங்கள். சொட்டினால் அடைப்பு.

மூடியின் அடிமுகத்தைச் சமப்படுத்தித் தரவில்லை, நாமும் சொல்லவில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் 400 எமரித் தாள் விரித்து எட்டுப் போடுவதுபோல் தேய்த்தால் போதும், இடைவெளி அளக்கும் 0.05 எம்எம் ஃபீலர் தகடு எங்கும் நுழையக் கூடாது. ஸ்க்ரூக்களை எதிரெதிராக, மூன்று தடவையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ரிப்பேர் கிட்டில் வரும், பெட்ரோல் வரத்தை அடைக்கும் நீடில் வால்வின் வாஷரைப் பழையதோடு கனம் ஒப்பிட்டுப் போடுங்கள். கனம் மாறினால் ஃப்ளோட் மட்டம், அதாவது கார்புரேட்டருக்குள் நிற்கும் பெட்ரோலின் மட்டம், மாறும்.

மூன்று வேலைக்கும் சேர்த்து 1,400 ரூபாய், நான்கு நாள். பில் கிடையாது. முறிந்த துண்டைத் தூக்கிப் போடாமல் பொட்டலம் கட்டி எடுத்துப் போங்கள், 'பிளாஸ்டிங் வேண்டாம்' என்று டேப் ஒட்டி எழுதியே கொடுங்கள்.