தேனிலவுக்கு விக்டோரியா அருவி: ஜிம்பாப்வே பக்கமா, ஜாம்பியா பக்கமா?

இரு நாடுகளுக்கும் எல்லையாக ஓடும் ஜாம்பேசி ஆறு, 1,708 மீட்டர் அகலத்துக்கு விரிந்து 108 மீட்டர் கீழே விழுகிறது. அதை எந்தக் கரையில் நின்று பார்ப்பது?

அருவியைக் கண்ணாரக் காண வேண்டுமென்றால் ஜிம்பாப்வே. பெரும்பகுதி இங்கிருந்துதான் நேரெதிரே தெரியும். விக்டோரியா ஃபால்ஸ் ஊரிலிருந்து நடந்தே போய்விடலாம். அக்டோபர், நவம்பரில் ஆறு வற்றினாலும் இந்தப் பக்கம் தண்ணீர் விழும்; ஜாம்பியா பக்கம் அப்போது பெரும்பாலும் வெறும் பாறைதான்.

ஆனால் ஆறு வற்றும் காலத்தில்தான் ஜாம்பியாவில் வேறெங்கும் கிடைக்காத ஒன்று உண்டு. லிவிங்ஸ்டன் தீவுக்குப் படகில் போய், அருவியின் விளிம்பிலேயே இருக்கும் டெவில்ஸ் பூல் என்ற இயற்கைக் குளத்தில் வழிகாட்டியோடு இறங்கலாம், நீர்மட்டம் இடம் கொடுத்தால். ஏப்ரல், மே வெள்ளத்திலோ கதையே வேறு. நைஃப் எட்ஜ் நடைபாலத்தைக் கைகோத்துக் கடந்தால் இருவரும் தொப்பலாக நனைந்துவிடுவீர்கள். சாரலில் எதிரே எதுவும் தெரியாது, படமும் எடுக்க முடியாது. இருந்தாலும் 'இடியென முழங்கும் புகை' என்று பொருள்படும் மோசி-ஓஆ-துன்யா என்ற உள்ளூர்ப் பெயர் அங்கேதான் உடம்பில் உறைக்கும். எனக்கு அந்த நனைதல்தான் பிடிக்கும்.

சரி, முதல் பயணம் என்றால்? ஜிம்பாப்வேயில் தங்குங்கள். ஒருநாள் மட்டும், 1905இல் திறந்த பாலத்தின் வழியே நடந்து ஜாம்பியாவுக்குப் போய் வாருங்கள். உங்கள் கடவுச்சீட்டுக்கு KAZA யூனிவிசா என்ற கூட்டு விசா கிடைத்தால் இரண்டு நாடுகளுக்கும் ஒரே விசா போதும். நீர் நிறைந்த மாதத்தில் பௌர்ணமியை ஒட்டிப் போனால், இரவில் நிலவொளி வானவில்லும் தெரியும்.