ரீமேப் செய்த டர்போ பெட்ரோல் கார்: பிக்கப்பும் மைலேஜும் சேர்ந்து கிடைக்கிறதா?

ரீமேப் செய்த, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியின் (ஈசியூ) மென்பொருளைப் பவர் கூடும்படி மாற்றி எழுதிய டர்போ பெட்ரோல் காரைச் சில வருடங்களாகத் தினமும் ஓட்டுகிறேன். பவர் ஏறினால் மைலேஜ் இறங்கிவிடாதா என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. என் காரில் நெடுஞ்சாலை மைலேஜ் கொஞ்சம் கூடியிருக்கிறது. நகர நெரிசலில் பழையபடியேதான்.

கூடியதற்குக் காரணம் டார்க், அதாவது எஞ்சினின் சுழற்று விசை. 2,000 ஆர்பிஎம்முக்குள்ளேயே நல்ல இழுவை கிடைப்பதால், முன்பு இரண்டு கியர் இறக்கி ஏறிய மேட்டில் இப்போது டாப் கியரிலேயே ஏறிவிடுகிறது. பாதி மூடிய த்ராட்டில் (காற்று உள்ளே போகும் வால்வு) வழியாகக் காற்றை உறிஞ்சுவதிலேயே பெட்ரோல் எஞ்சினுக்குச் சக்தி விரயமாகும். குறைந்த சுழற்சியில் அதிக டார்க்கோடு ஓடும்போது அந்த விரயம் குறைகிறது. அதற்காக டாப் கியரில் 1,500 ஆர்பிஎம்மில் ஆக்சிலரேட்டரை முழுசாக மிதிக்கக் கூடாது. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போ எஞ்சின்களில் தீப்பொறி வருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் ஆபத்து அப்போதுதான் அதிகம், பிஸ்டனே உடையலாம். இதை மனதில் வைத்து 2020ல் வந்த ஏபிஐ எஸ்பி (அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட்டின் தரக்குறியீடு) தர எஞ்சின் ஆயில் மட்டும்தான் ஊற்றுகிறேன்.

காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் மீட்டர் ஒன்று பொருத்தியிருக்கிறேன். ரீமேப் செய்யும் எல்லோருக்கும் இதைச் சிபாரிசு செய்வேன். சீராகப் போகும்போது லாம்டா 1, அதாவது எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. முழுசாக மிதித்ததும் 0.82 பக்கம் இறங்குகிறது. எஞ்சினையும் டர்போவையும் சூட்டிலிருந்து காப்பாற்ற ஈசியூ கூடுதலாக ஊற்றும் பெட்ரோல் அது. மைலேஜ் எங்கே போகிறது என்பது அந்த எண்ணிலேயே தெரிந்துவிடும். அப்புறம் வேகம்: 100லிருந்து 120க்குப் போனாலே காற்றின் எதிர்ப்பு 44 சதவீதம் கூடுகிறது. எந்த டியூனிங்கும் இதை மாற்றாது.

பவருக்கும் மைலேஜுக்கும் ஒருசேர உதவியது, டர்போ அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிரவைக்கும் பெரிய இன்டர்கூலர். உள்ளே போகும் காற்று சூடானால் நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடிப்பது) வரும். அதைத் தடுக்க ஈசியூ இக்னிஷன் டைமிங்கைத் தாமதப்படுத்தும், அப்போது பவரும் போகும், மைலேஜும் போகும். 95 ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் திறனின் அளவு) பெட்ரோலுக்கு எழுதிய மேப்பில் 91 போட்டாலும் இதே கதைதான். எடை குறைந்த அலாய் வீலும் நல்ல முதலீடு. பெரிய சைஸ் வீலும் அகலமான டயரும் பார்க்க அழகு, மைலேஜுக்கு ஆகாது. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கழற்றச் சொல்கிற டியூனரிடம் காரையே கொடுக்காதீர்கள்.

ஒரிஜினல் கிளட்ச் மட்டும் இந்த டார்க்கைத் தாங்கவில்லை. டாப் கியரில் ஓவர்டேக் செய்யும்போது ஆர்பிஎம் ஏறும், வேகம் ஏறாது. வலுவான கிளட்ச் மாற்றியதும் சரியாகிவிட்டது. பெடல் கொஞ்சம் கனம், நெரிசலில் கால் வலிக்கிறது.

மைலேஜை டேஷ்போர்டில் பார்க்காமல், டேங்க் ஃபுல் செய்து கணக்கிடுங்கள். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை மாற்றிய கார்களில் அந்தத் திரை காட்டும் எண் பெரும்பாலும் சரியாக இருக்காது.